வியாழக்கிழமை மட்டும் நல்லவர்

எனக்கு வாய் அதிகம். திருவொற்றியூரில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது, வியாழக்கிழமைதோறும் சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தம் சோதிப்பேன். அளவு ஏறியிருந்தால் வரிசையில் நிற்கும் அத்தனை பேர் முன்னாலும் கிழிகிழி என்று கிழித்துவிடுவேன். வைத்தியத்தில் அதுவும் சேர்த்தி என்றுதான் நம்பியிருந்தேன்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி ஏற்றி இறக்கும் ஒருவர் தவறாமல் வருவார். வலது கால் கட்டைவிரலில் புண். ஆனால் சர்க்கரை அளவு வாராவாரம் தங்கம்! "இவரைப் பார்த்துக் கத்துக்குங்கய்யா" என்று மற்றவர்களிடம் காட்டுவேன். அவரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். புண் மட்டும் ஆறவே இல்லை. பதினைந்து நாளில் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனசு கேட்காமல் ஒரு திங்கட்கிழமை மதியம், கட்டு மாற்றும் சாக்கில் அவர் வீட்டுக்கே போனேன். மனிதர் ஒரு கையில் போண்டா, மறு கையில் பாயசம். என்னைக் கண்டதும் போண்டாவை லுங்கிக்குள் மறைத்தார்.

அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா மறைக்கிற? செவ்வாக்கெழம வரிக்கும் இப்டித்தான் சிஸ்டரு. பொதங்கெழம முச்சூடும் பச்சத் தண்ணி. நீ கத்துவியேன்னு. இது மட்டுமா, ஒன் வரிசயில அல்லாருந்தான்!"

எனக்கு வந்ததே கோபம். "யோவ், விரலு போகப் போகுதுய்யா!"

"போனா போவுது சிஸ்டரு. அல்லார் முன்னாடியும் என்னிய நல்லவன்னு சொல்றது நீ ஒருத்திதான். அத்த வுட மன்சு வர்ல."

திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. "இந்தத் தடவை சாப்பிட்டுட்டே வாங்க. சத்தியமா திட்ட மாட்டேன்" என்றேன்.

வியாழக்கிழமை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அளவு முந்நூற்று நாற்பது. வரிசையே என் முகத்தைப் பார்த்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "உண்மையைக் காட்டின முதல் ஆளு இவருதான்" என்றேன். அவ்வளவுதான், பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். "இன்னாய்யா, எங்க போறீங்க?" என்றேன்.

"நாஷ்டா துன்னுட்டு வந்துர்றோம் சிஸ்டரு!"

டாக்டர் ஊசி மருந்துக்கு மாற்றினார். விரலுக்கு இன்னும் கொஞ்சம் தவணையும் கொடுத்தார். நான் வாரத்துக்கு இருமுறை அவர் வீட்டுக்குப் போய், போண்டாவைப் பற்றியும் மார்க்கெட்டைப் பற்றியும் பேசியபடி கட்டு மாற்றினேன். புண் மெல்ல மூடியது.

கட்டில்லாமல் வந்த முதல் நாள், எல்லோர் முன்னாலும் என் மேஜைமேல் காலைத் தூக்கி வைத்து விரலை ஆட்டிக் காட்டினார். வேறு யாராவது வைத்திருந்தால் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தியிருப்பேன். அன்றைக்கு அழுகைதான் வந்தது.