இரண்டு வாசல் கோட்டை

ஸ்ரனிஸ்லாஸ் குடும்பம் எங்கே போனாலும் இரண்டாகப் பிரிந்துதான் போகும். அவரும் மூத்த மகள் ஐறீனும் ஒரு பாதி. மனைவி டோரினும் சின்னவள் மாக்ரெட்டும் மறு பாதி. ஒரு பாதி பஸ்ஸில் போனால் மறு பாதி ரயிலில் போகும். இரண்டுமே ரயில்தான் என்றால் ஒரு பாதிக்கு முதல் பெட்டி, மறு பாதிக்குக் கடைசிப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட அவர் ஐறீனோடு வலப்பக்கக் கதவோரமும், டோரின் மாக்ரெட்டோடு இடப்பக்கக் கதவோரமும் உட்காருவார்கள். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் கட்டம் வந்தால், கோயிலின் இரு கரையிலிருந்தும் தலையை ஆட்டிக்கொள்வார்கள். புருஷன் பெண்சாதிக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் பலர் நம்பியிருந்தார்கள். காரணம் தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் அவர்களில் சிலருடைய வீட்டிலும் அதே வழக்கம்தான்.

காரணம் குண்டு. தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்த வருடத்தில் அவர் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஸ்ரனிஸ்லாஸ் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் பகுதியில் கிளாக். பெறுமதியான சாமான் வந்தால் ஒரே பார்ஜ் படகில் ஏற்ற விடமாட்டார். இரண்டாகப் பிரித்து ஏற்றினால் ஒன்று மூழ்கினாலும் மற்றது கரைசேரும். வேலைத்தலத்துப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், அவ்வளவுதான். ஆள் மெலிவு, அதிகம் கதைக்காதவர், மழை இல்லாத நாளிலும் குடையோடு திரிபவர். மனைவி பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தார். அந்த உயிரையும் இரண்டு இடத்தில் பிரித்து வைத்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஐறீனுக்குப் பன்னிரண்டு வயது. எதையும் சும்மா விடாத வயது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"அப்பா, ஒவ்வொரு நாளும் கோட்டைக்குப் போறன் கோட்டைக்குப் போறன் எண்டு சொல்லுறீங்கள். அங்க கோட்டை எங்க இருக்கு?"

ஸ்ரனிஸ்லாஸ் கையில் எடுத்த சோற்றோடு யோசித்தார். கொழும்புக் கோட்டையின் மதில்களை வெள்ளைக்காரன் எப்போதோ இடித்துவிட்டான். இப்போது அங்கே மண்மூட்டையும் முள்ளுக்கம்பியும் தடுப்புப் பலகையும்தான். இத்தனை வருடமாக இல்லாத ஒன்றுக்குள் போய்வந்துகொண்டிருக்கிறோம் என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. சங்கடம் தாங்காமல், "தெற்குப் பக்கம் காலி எண்ட ஊரில நல்ல கோட்டை ஒண்டு இருக்கு. லீவுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்த பிறகு பயந்து இரண்டு கிழமை சரியாக நித்திரை கொள்ளவில்லை.

போகிற நாள் வந்தது. இவரும் ஐறீனும் பஸ்ஸில், டோரினும் மாக்ரெட்டும் ரயிலில். பதினொரு மணிக்குக் கோட்டை வாசலில் சந்திப்பு. "முதல் வாற ஆக்கள் வாசல்லயே நிக்க வேணும். அங்க இஞ்ச அசையப்படாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். சாமானையும் பிரித்தார். சோற்றுப் பார்சல் டோரினிடம், தண்ணீர்ப் போத்தல் இவரிடம். கமரா இவர் பையில், பிலிம் ரோல் டோரின் பையில்.

"பிலிம் இல்லாத கமராவைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறீங்கள்?" என்றாள் டோரின்.

"அங்கதான் சந்திக்கிறமே" என்றார்.

அவர் விடியக் கிளம்பும்போது டோரின் இன்னும் வீட்டுச் சட்டையோடுதான் நின்றாள். மாக்ரெட் நித்திரை. அவளுடைய கால் மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் படலையைச் சாத்தினார்.

பஸ் வெள்ளவத்தையால் போகையில், ஒழுங்கைகளின் கோடியில் கடல் துண்டு துண்டாகத் தெரிந்தது. ஒரு துண்டில் ரயில் ஒன்று ஓடியது. ஐறீன் ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டிவிட்டு அவர் காதுக்குள், "அதில அம்மாவையளா?" என்று கேட்டாள். பஸ்ஸில் தமிழ் கதைப்பதென்றால் காதுக்குள்தான். இல்லையென்று அவருக்குத் தெரியும், டோரினின் ரயில் கிளம்ப இன்னும் நேரம் கிடந்தது. ஆனாலும், "ஓம்" என்று தலையாட்டினார்.

காலியில் பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்தால் எதிரே கோட்டை. கறுத்துப்போன பெரிய மதில், மேலே மணிக்கூட்டுக் கோபுரம், நடுவிலே வாகனங்கள் போய்வருகிற வாசல். ஐறீன் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஸ்ரனிஸ்லாஸ் மதிலைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற துவக்குக்காரச் சிப்பாயைத்தான் பார்த்தார். பிறகு நிழல் பார்த்து ஓர் ஓரமாக மகளை நிறுத்தினார்.

பதினொரு மணி ஆயிற்று. டோரினைக் காணவில்லை. ரயில் என்றால் சுணங்குவது வழமைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பன்னிரண்டும் ஆயிற்று. தூரத்தில் ஒரு பெண்ணும் சிறுமியும் வந்தார்கள். ஐறீன் துள்ளிக்கொண்டு ஓடப்போனாள். கிட்ட வந்ததும் வேறு யாரோ. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண்ணும் சிறுமியும் வந்தார்கள். அவர்களும் இல்லை. அன்று காலியில் எல்லாத் தாய்மாரும் ஒரு மகளோடுதான் நடந்து திரிந்தார்கள் போலிருந்தது.

பக்கத்தில் ஒருவர் தள்ளுவண்டியில் புளிப்பு வெரலுக்காயில் உப்பும் மிளகாயும் போட்ட அச்சாறு விற்றுக்கொண்டிருந்தார். தலையில் தொப்பி, நரைத்த தாடி. அவர் இவர்களை நெடுநேரமாகக் கவனித்துவிட்டு, யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

"நே, நே. நிக்கங்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். இல்லை இல்லை, சும்மாதான்.

அறியாத ஊரில், சிப்பாய்க்குப் பக்கத்தில், இரண்டு மணி நேரமாக ஆளைப் பார்த்துக் காத்துநிற்கிறேன் என்று ஒரு தமிழன் சொல்லலாமா? சந்தேகப்பட்டு அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தால் அங்கே தொடங்கும் பிறகு கதை. அதனால் கோட்டையை ரசிக்க வந்தவர் மாதிரி மதிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே கல்லை எவ்வளவு நேரம்தான் ரசிப்பது.

ஒரு மணி போல ஒரு சனக்கூட்டம் கலவரமாகக் கதைத்துக்கொண்டு போயிற்று. ஸ்ரனிஸ்லாஸ் காதைத் தீட்டினார். ரயில், பார்சல், பெட்டி, ஆமி என்று சொற்கள் வந்து விழுந்தன. பாதையில் ஏதோ நடந்துவிட்டதாம், ரயில் ஒன்றும் ஓடவில்லையாம். வெடித்தது என்று ஒருவன் சொன்னான், வெடிக்கவில்லை என்று மற்றவன் சொன்னான். எந்த இடம், எந்த ரயில் என்று கேட்க இவர் வாயைத் திறந்தார். திறந்த வாயில் எந்தப் பாஷையும் வரவில்லை.

ஐறீன் அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். காதுக்குள் சொல்கிற வழக்கத்தை விட்டுவிட்டு, சாதாரணக் குரலில் கேட்டாள்.

"அப்பா, இனி நாங்க ரெண்டு பேர் மட்டுந்தானா?"

ஸ்ரனிஸ்லாஸ் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடமாக இந்தக் கணக்கைப் போட்டவர் அவர். எத்தனையோ தடவை குண்டு வெடிப்பதை மனதுக்குள் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் போகிற பாதி தானாகவே இருந்தது, பக்கத்தில் ஐறீனும் இருப்பாள் என்பதை மட்டும் மனம் பார்க்க மறுத்தது. டோரின் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு மாக்ரெட்டின் கையைப் பிடித்தபடி பூசைக்குப் போவாள். அது துக்கம்தான், ஆனாலும் அதில் ஒரு நிம்மதி இருந்தது. தான் மிச்சப் பாதியாக நிற்கக்கூடும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. கரைசேர்ந்த பார்ஜில் நிற்பது இப்படியிருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

"அம்மா!" என்று ஐறீன் குரலெடுத்து அழுதாள். "எனக்கு அம்மா வேணும்!"

சிப்பாய் திரும்பிப் பார்த்தான். அச்சாறுக்காரர் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அட, நீங்க தமிழா? காலத்தாலேந்து சிங்களத்துல கதச்சிட்டீக்கிறீங்களே! நான் பௌஸி, இந்தக் கோட்டைக்குள்ளதான் ஊடு. புள்ள ஏன் அழுவுது?"

ஸ்ரனிஸ்லாஸ் எல்லாவற்றையும் கொட்டினார். பாதிப் பாதியாகப் போவதிலிருந்து பிலிம் ரோல் வரைக்கும் கொட்டினார். பௌஸி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க என்ன கலர்ல சாரி?" என்றார்.

ஸ்ரனிஸ்லாஸ் முழித்தார். என்ன நிறம்? சேலையா, கவுணா? சின்னவளுக்கு என்ன சட்டை? ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கால்தான். நாளைக்கு எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய் அடையாளம் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவார்? அந்த நினைப்பு வந்ததும் மதிலில் கையை ஊன்றிக்கொண்டார்.

"சரி, எந்த வாசல்ல நிக்கச் சொன்னீங்க?" என்றார் பௌஸி.

"எந்த வாசலெண்டா? கோட்டை வாசல்தான்."

"கோட்டைக்கு ரெண்டு வாசல் ஈக்கிதே! இது புது வாசல். பழைய வாசல் அந்தப் பக்கம், ஹாபர் பக்கமா. ஸ்டேசன்ல த்ரீவீலர் புடிச்சா அங்கதான் கொண்டுபோய் எறக்குவான், சிங்கம் செதுக்கின கல்லுக் காட்ட."

மகளைப் பௌஸியிடம் விட்டுவிட்டு ஸ்ரனிஸ்லாஸ் ஓடினார். நாற்பத்தாறு வயதில், குடையோடு, ஒல்லாந்தர் காலத்துத் தெருக்களில் வழி கேட்டுக் கேட்டு ஓடினார். இந்த முறை வாயில் வந்த பாஷையில் கேட்டார். பழைய வாசல் இருண்ட குகைபோலக் குளிர்ந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மட்டும் சிங்கத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் வெளியே ஓடினார், உள்ளே ஓடினார், தெருவில் நின்று "டோரின்!" என்று கத்தினார். கொழும்பில் இரண்டு வருடமாக வீதியில் அவர் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னதில்லை. பதில் வரவில்லை. ஐறீனையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவில் தைத்தது. இப்போது குடும்பம் இரண்டு பாதிகூட இல்லை, மூன்று துண்டு. பேய் பிடித்தவர் மாதிரித் திரும்பி ஓடினார்.

புது வாசலில், அச்சாறு வண்டிக்குப் பக்கத்தில், ஐறீனுக்கு மூக்குத் துடைத்துவிட்டுக்கொண்டு டோரின் நின்றாள். கத்தரிப்பூ நிறச் சேலை. மாக்ரெட் மஞ்சள் சட்டையோடு வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்து வெரலுக்காய் சூப்பிக்கொண்டிருந்தாள்.

"அசையப்படாதெண்டு சொன்னீங்கள்" என்றாள் டோரின். கோபத்தில் ஐறீனின் மூக்கை இன்னொருமுறை அழுத்தித் துடைத்தாள். "ரெண்டு மணித்தியாலமா அந்த இருட்டுக்குள்ள கல்லு மாதிரி நிண்டன். பிறகு பஸ்ஸில குண்டாம் எண்டு யாரோ சொன்னாங்கள். அதுக்குப் பிறகு என்னால நிக்க ஏலாமல் போச்சு. மதிலுக்கு வெளியால பஸ் ஸ்டாண்டைத் தேடி ஓடிவந்தன்."

"பஸ்ஸிலயா? எங்களுக்கு ரயிலெண்டு..."

"எனக்கு பஸ்ஸெண்டு சொன்னாங்கள்."

எதில் என்ன நடந்தது, நடந்ததா இல்லையா என்று பௌஸிக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்டேசன் பக்கமிருந்து வந்த ஒருவர் சொன்னதைப் பார்த்தால், தண்டவாளத்தோரம் யாரோ போட்டுவிட்டுப்போன கருவாட்டு மூட்டைக்காகத்தான் அவ்வளவும். ஸ்ரனிஸ்லாஸ் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அச்சாறு வண்டியைப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், சிப்பாய் பார்க்க, விக்கி விக்கி அழுதார். அவர் அழுது டோரின் பார்த்ததில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஐறீனிடம் அவர் விட்டுப்போன பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் திறந்து அவரிடமே நீட்டினாள்.

கோட்டையைச் சுற்றிப் பார்க்க அதன் பிறகு நேரமும் இல்லை, மனமும் இல்லை. மதிலில் ஏறி ஆறிய சோற்றைத் தின்றார்கள். பௌஸி கமராவில் பிலிமைப் போட்டு, நான்கு பேரையும் நெருக்கி நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொடுத்தார். "இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட" என்று அவர் சொல்லச் சொல்ல, எவ்வளவு கிட்ட நிற்பது என்று ஸ்ரனிஸ்லாசுக்குப் பிடிபடவில்லை.

பின்னேரம் ரயில் ஓடத் தொடங்கியது. மேடையில் நின்றபோது அவருடைய வாய் பழக்கத்தில், "நீங்கள் முன்பெட்டி, நாங்கள் கடைசிப்பெட்டி..." என்று தொடங்கியது. டோரின் மாக்ரெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐறீன் மட்டும் அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லவந்தது பாதியில் நின்றுபோயிற்று. நான்கு பேரும் ஒரே பெட்டியில் ஏறினார்கள்.

மூன்று பேருக்கான இருக்கையில் நால்வரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும்போது ஸ்ரனிஸ்லாஸ் மேலே வைத்த பைகளைப் பார்த்தார். யாருடைய பை, எங்கே இறங்குகிறான், பையை எடுத்துக்கொண்டானா என்று பார்த்தார். வேர்த்து வழிந்தது. தான் செய்வது புத்தியா, புத்திகெட்ட வேலையா என்று அவருக்கு விளங்கவில்லை. இறங்கிக் கடைசிப்பெட்டிக்கு ஓடிவிடலாமா என்று அளுத்கமவில் ஒருமுறை எழும்பினார், உட்கார்ந்தார். களுத்துறையிலும் எழும்பினார்.

"பயமா இருக்கா?" என்றாள் டோரின்.

"ஓம்."

"எனக்கும் பயந்தான். பேசாம இருங்கோ."

மாக்ரெட்டுக்கு ஆறு வயது. அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா அவளோடு ரயிலில் வந்ததே இல்லை. ஜன்னலோரம் இருந்தவள் இவர் எழும்புவதையும் உட்காருவதையும் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அவர் பக்கமாகச் சரிந்து, யாருக்கும் கேட்காமல், அவருடைய காதுக்குள் கேட்டாள்.

"அப்பா, நீங்க பிழையான பெட்டியில ஏறிட்டீங்களா?"

ஸ்ரனிஸ்லாஸ் சின்னவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய இரண்டு கால்களையும் கையால் பொத்திப் பிடித்தபடி கொழும்புக் கோட்டை வரும்வரை இருந்தார்.