வாடகைக்குப் பச்சை உடுப்பு

முகமூடி

முகமூடியைக் கழற்றவேண்டாம் என்று கத்திக்கொண்டு மரங்களுக்குள் ஓடினேன். விளையாட்டுத் துவக்கு வாடகைக்குக் கொடுப்பவனின் வேலையில் பாதி இந்தக் கத்தல்தான். நகரத்துக்கு வெளியே, பிக்கரிங்கிற்கு அப்பால், ஒரு விவசாயியிடம் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் எடுத்த காடு அது. இரண்டு பக்கமாகப் பிரிந்து, மிளகளவு பிளாஸ்ரிக் குண்டுகளால் சுட்டுக்கொள்வார்கள். உடம்பில் பட்டால் சுள்ளென்று இருக்கும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். பட்டவர் தானாகவே கையை உயர்த்திக்கொண்டு வெளியே நடக்கவேண்டும். நடுவர் கிடையாது. எயார்சொஃப்ட் என்ற இந்த விளையாட்டு தோற்றவனின் நேர்மையை நம்பி நடக்கிறது.

முகமூடியைக் கழற்றிவிட்டு நின்றவர் வங்கியில் வேலை செய்கிறவர். கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லையாம். எதிரே துவக்கோடு நின்றவர் அவருடைய மைத்துனர். நான் இருவருக்கும் நடுவில் போய் நின்று, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். கடைகளில் நின்று பிழைத்தவர்களுக்குத் தெரியும், வாடிக்கையாளருக்குப் புத்தி சொன்னால் என்ன கிடைக்கும் என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சுடுவது யாரென்று தெரியாவிட்டால் இதில் என்ன விளையாட்டு?”

தெரிவு

கடை மில்லிக்கனில் இருந்தது, ஒரு சீன பேக்கரிக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில். முதலாளி ஹொங்கொங்கிலிருந்து வந்த மிஸ்டர் லாவ். தொண்ணூறுகளின் நடுவில் இந்தச் சாமான்களை விற்றவர்கள் நகரத்தில் அதிகம் பேர் இல்லை. புதிதாக வருகிறவர்கள் நேரே துவக்கிடம் போவார்கள். பெரியதாக, கனமானதாக வேண்டும். முதலில் முகமூடி, பிறகு கணுக்காலைப் பிடித்து வைக்கும் சப்பாத்து, பிறகு உடுப்பு, கடைசியில் துவக்கு என்று நான் சொல்வேன். துவக்கை வாடகைக்குத் தரலாம், கணுக்காலைத் தர முடியாது.

குகன் ஒரு ஃபக்டரியில் வேலை செய்த பொடியன். லைனில் கூட நிற்கிறவர்கள் கூப்பிட்டார்கள் என்று வந்திருந்தான். அவனுடைய அளவுக்குப் பச்சையும் கபிலமும் திட்டுத் திட்டாகப் போட்ட ஜாக்கெட் ஒன்றுதான் இருந்தது. எடுத்து நீட்டினேன். வாங்க வந்த கையை இழுத்துக்கொண்டான். நான் காரணம் கேட்கவில்லை. அந்த உடுப்பைப் பார்க்க மாட்டாத ஒருத்தி என் வீட்டிலும் இருந்தாள். என் மனைவி வசந்தியின் தம்பியை, நாங்கள் விட்டுவந்த ஊரில், றோட்டில் மறித்துக் கொண்டுபோன ராணுவத்தினர் அதேபோலப் பச்சை போட்டிருந்தார்கள். அவன் திரும்பி வரவில்லை. நான் இந்த வேலையில் சேர்ந்தபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்: கடையிலிருந்து எந்தச் சாமானும் வீட்டுக்குள் வரக்கூடாது. வரவும் இல்லை.

குகன் தன்னைவிட மிகப் பெரிய மண்ணிற ஜாக்கெட் ஒன்றை எடுத்துப் போட்டு, கைகளை மடித்துவிட்டான். பச்சையைக் கண்ணால் காட்டிச் சொன்னான்: “உது வேண்டாம் அண்ணை. இது தொளதொளவெண்டாலும் மனுசன்ர உடுப்பு.”

விழுந்தவன்

அந்த ஞாயிறு அவனுக்குத் தோளில் பட்டது. கையை உயர்த்தவில்லை. அப்படியே குப்புற விழுந்து, பிடரியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டான். இந்தத் துவக்குகள் பற்றரியில் ஓடுபவை, சத்தம் தையல் மெஷின் அளவுதான். அதுவும் நின்றுவிட்டது. லைனில் அவனுக்குப் பக்கத்தில் நிற்கிற ரோனி ஓடிவந்து, நெஞ்சுவலியா என்று கேட்டான். நான் பக்கத்தில் முழங்காலை ஊன்றி இருந்து, முடிந்துவிட்டது, வெறும் பிளாஸ்ரிக், எழும்பு என்று தமிழில் சொன்னேன். தனக்கு அது தெரியும் என்றும், எழும்பத்தான் ஏலாமல் இருக்கிறது என்றும் மண்ணைப் பார்த்தபடி சொன்னான். ரோனி ஒன்றும் விளங்காமலே அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறும் அதே ஆட்களோடு வந்து, அதே மண்ணிற ஜாக்கெட்டைக் கேட்டான். உனக்கு ஏன் இந்த வேலை என்றேன். கைகளை மடித்துவிட்டுக்கொண்டே சொன்னான்: “இப்ப லஞ்சுக்கு அவங்கட மேசையில எனக்கு ஒரு கதிரை இருக்கு அண்ணை.”

சேறு

வாடகை உடுப்புகள் சேறும் வியர்வையுமாகத் திரும்பி வரும். கடையின் பின்னறையில் ஒரு பழைய தோய்க்கும் மெஷின் இருந்தது. இலையுதிர் காலத்து மழையில் சேறு கூடி, அது ஒருநாள் நின்றுபோனது. பிளாசாவில் காசுக்குத் தோய்க்கும் இடத்துக்காரி நான் கொண்டுபோன பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கதவைக் காட்டினாள். வருகிற ஞாயிறு ஒரு கொம்பனி ஆட்கள் மொத்தமாக வருவதாக இருந்தார்கள். லாவ் கூடாத மனிதர் இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை. “ஞாயிறு உடுப்பு இல்லையென்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால் நீ எங்கே நிற்பாய்?”

பேஸ்மென்ட்

கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டி, காரில் ஏற்றி, எங்கள் அடுக்குமாடியின் பேஸ்மென்ட்டில் இருந்த தோய்க்கும் அறைக்குக் கொண்டுபோனேன். பேஸ்மென்ட் வீடு அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காயவைக்கும் மெஷினில் போட்டுவிட்டு, தேத்தண்ணி குடிக்க மேலே வந்தேன்.

அந்த நேரத்தில் ஆறாம் மாடிப் புஷ்பம் அன்ரி தன் உடுப்புகளை எடுக்கக் கீழே போயிருக்கிறார். வட்டக் கண்ணாடிக்குள் பச்சை உடுப்புகள் கையும் காலுமாகச் சுழன்றிருக்கின்றன. அந்தக் கட்டடத்தில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். அவர் தன் உடுப்புகளை ஈரத்தோடு விட்டுவிட்டு, லிஃப்டுக்கும் நிற்காமல் படியேறி, கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். எங்கள் கதவை வசந்தி திறந்தாள். அன்ரியின் காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது. “பிள்ளை, கதவைப் பூட்டி வையுங்கோ. கீழ ஆமிக்காறன் உடுப்புத் தோய்க்கிறான்.”

கதிரை

வசந்தி திரும்பி என்னைப் பார்த்தாள். என் நகங்களுக்குள் சேறு இருந்தது. நான் கோப்பையைக் கீழே வைத்தேன். வேலை, வீடு இரண்டில் ஒன்று இன்று போகும் என்று நினைத்தேன். சொல்லவேண்டியது நான்தான்.

அவள் அன்ரியின் கையைப் பிடித்தாள். கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்து, குடித்து முடியும்வரை பக்கத்தில் நின்றாள். பிறகு சொன்னாள்: “ஆமி இல்லை அன்ரி. உது இவற்ற வேலை உடுப்பு. எங்கடதான்.”

அன்ரி என்னைப் பார்த்தார். ஓம் என்றேன். விளையாட்டு என்று விளங்கப்படுத்தினேன். சுடுபட ஆட்கள் தாங்களாகவே போகிறார்களா என்று இரண்டு தரம் கேட்டார். அன்ரியின் ஈர உடுப்பைக் கொண்டுவரும்படி வசந்தி என்னிடம் சொன்னாள். மற்றதையும் என்றாள். இரண்டையும் கொண்டுவந்தேன். பச்சையை வாசலோடு வைத்துவிட்டு நின்றேன்.

இந்த நகரத்து ஆட்கள் காசு கொடுத்து விளையாட்டுச் சண்டைக்குப் போன அந்த வருடங்களில், அந்தச் சண்டையின் அழுக்கைப் போக்குவதுதான் எனக்குக் கிடைத்த பங்கு. அன்ரி எங்கள் ஃபோனில் ஒவ்வொரு வீடாக அழைத்து, ஆமி இல்லையாம், பயப்படவேண்டாமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுத்த நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். வசந்தி வாசலுக்குப் போய் இருந்து, குவியலின் மேலே கிடந்த ஜாக்கெட்டை மடியில் எடுத்துப்போட்டு, பொக்கற் கிழிந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, ஊசியில் பச்சை நூலைக் கோத்தாள்.