மூன்று மணிக்கு வந்த தாள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று பழவேற்காட்டில் யார் கேட்டாலும், "அட்டையில ஓட்டை போடுறேன்" என்பாள் சுராயா. அதில் பொய்யில்லை. 1982-இல் சென்னையில் ஒரு பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் மையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. மாணவர்கள் தாளில் எழுதித் தரும் புரோகிராமை, வரிக்கு ஓர் அட்டையாக, தட்டச்சுப் பொறி போன்ற ஒன்றில் அடித்துத் துளையிட வேண்டும். அட்டைக்கட்டு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் குளிரூட்டிய அறையிலிருந்த ஒரே கம்ப்யூட்டருக்குப் போகும். மாலை ஐந்தரைக்கு விடை அச்சாகி வரும். ஒரு கமா விட்டுப்போனாலும் விடை வராது, பிழைப் பட்டியல்தான் வரும்.

"எழுதினத அடி. யோசிக்காத" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் மேற்பார்வையாளர் மாசிலாமணி. சுராயாவும் அப்படியே செய்தாள்.

1984-இல் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தாள் தேவகி. பழவேற்காடு ஏரிக்கு அக்கரையிலிருந்த மீனவர் குப்பத்துப் பெண். பொன்னேரி பஸ்ஸில் இருவருக்கும் பழக்கமானது. சென்னையிலிருந்து பொன்னேரிக்குப் போகும் நாலரை மணி ரயிலை விட்டால் தேவகிக்கு அக்கரை போகும் கடைசிப் படகு கிடைக்காது. அதனால் ஐந்தரை மணித் தாள் அவள் கைக்கு மறுநாள் காலைதான் வரும். விடுதி மாணவர்கள் அன்று மாலையே திருத்தி மறுபடி கொடுத்துவிடுவார்கள். தேவகி எப்போதும் ஒரு நாள் பின்னால்தான்.

இரண்டாம் வருஷம், புராஜெக்ட் முடிக்க ஆறு வாரம் இருந்தபோது, திருப்பாலைவனம் தாண்டிய பஸ்ஸில் அவள் மெல்லச் சொன்னாள்: "நின்னுடலாம்னு இருக்கேன்க்கா."

"நின்னுட்டு இன்னா செய்வ?"

"நைனா கூட ஏரிக்குப் போறேன்."

"போ. அதுக்கு முன்னாடி அந்தத் தாளக் குடு."

சுராயா பிழைப் பட்டியலை மடியில் விரித்தாள். "இந்த எடத்துல நீ எழுதினது பூஜ்யமா, ஓ-வா?"

"பூஜ்யம்க்கா."

"ஓ மாதிரி இருந்திச்சி. ஓ-னே அடிச்சிட்டேன்."

அடிக்கும்போதே அது தவறென்று சுராயாவுக்குத் தோன்றியிருந்தது. தோன்றியும் அடித்தாள். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் துறைத் தலைவரின் அறைக்கு ஒரு மனுவோடு போனாள். வீட்டிலிருந்து வந்துபோகும் பதினான்கு மாணவர்களின் கையெழுத்து அதில் இருந்தது. பகல் ஒன்றிலிருந்து மூன்றுவரை இயந்திரம் சும்மா நிற்கிறது, அப்போது இவர்களுடைய அட்டைகளை ஓட்டினால் மூன்று மணிக்கே தாள் கைக்கு வந்துவிடும், இவ்வளவுதான் கோரிக்கை.

"இன்னா சுராயா, புரபசர் ஆயிட்டியா?" என்றார் அங்கே நின்றிருந்த மாசிலாமணி.

"இல்ல சார். பஸ்ஸுல போறவ."

தலைவர் சிரித்துவிட்டு, ஒரு மாதம் பார்ப்போம் என்றார். அந்த ஒரு மாதம் பிறகு நிற்கவேயில்லை. அன்றிலிருந்து, மாணவர்கள் எழுதித் தந்த தாளில் சந்தேகப்பட்ட வரியின் ஓரத்தில் சுராயா பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட ஆரம்பித்தாள். மாசிலாமணி பார்த்தும் பாராததுபோல் இருந்தார்.

முகத்துவாரத்தில் ஓதம் ஏறி இறங்கும் நேரத்தைக் கணக்கிடுவதுதான் தேவகியின் புரோகிராம். முதல் மூன்று மணித் தாளில் இரண்டு பிழைகள். அடுத்த வாரம் ஒன்றுகூட இல்லை. அவளுடைய அப்பா சின்னதம்பி அந்த நீளத் தாளைப் படகுக்குள் விரித்துப் பார்த்தார்.

"தண்ணியப் பாத்து நானே சொல்லுவனே, இதுக்கா ரெண்டு வருஷம்?" என்றார். ஆனால் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

தேவகி பாஸாகி, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள்.

1987-இல் திரையும் விசைப்பலகையுமாக எட்டு டெர்மினல்கள் வந்தன. மாணவர்களே நேராக அடித்தார்கள். துளையிடும் இயந்திரங்களைக் கழற்றி வராந்தாவில் போட்டார்கள். வேலை போய்விடும் என்று சுராயா பயந்துகொண்டிருந்தபோது தலைவர் கூப்பிட்டனுப்பினார். அறுபது பேர், எட்டு நாற்காலி. யாருக்கு எப்போது என்று அவளே பட்டியல் போட வேண்டுமாம். அதற்கு லேப் உதவியாளர் என்று பெயர்.

யாரும் வராத ஒரு சனிக்கிழமை காலை, அவள் ஒரு டெர்மினல் முன்னால் உட்கார்ந்து தன்னுடைய முதல் புரோகிராமை அடித்தாள். பதினோரு பிழைகள் வந்தன. வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த வருஷம், தபால் வழி கம்ப்யூட்டர் டிப்ளமோவுக்குப் பணம் கட்டினாள்.