சொன்ன பெயருக்கு ஒரு கட்டம்

போன ஞாயிறு மேசை லாச்சியைத் துப்புரவாக்க உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை. பொழுது சாயும்வரை இழுத்துவிட்டது. எல்லாம் ஒரு பென்டிரைவால் வந்த வினை. சுண்டுவிரல் நீளம், மூடி தொலைந்துபோனது, தலையில் கறுப்பு டேப் சுற்றியது. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக்குக்கு என்ன வாசம் இருக்கப் போகிறது? ஆனாலும் எனக்கு வெற்றிலையும் டீசலும் மணத்தன. நஸீர் நானாவின் தோல்பை வாசம் அது.

நஸீர் நானா லுணுகலை - பதுளை பஸ்ஸில் கொண்டக்டர். எங்கள் அலுவலகத்தின் இன்டர்நெட்டும் அவர்தான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். உண்மை அதுதான். பதுளையில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாத தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அவற்றை எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. பதுளையில் நான், லுணுகலைப் பக்கம் பஸ்மினா, பண்டாரவளையில் இருந்துகொண்டு பூனாகலையைப் பார்க்கும் அந்தோனி, ஆக மூன்று பேர். காலைப் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் ஆட்களைப் பிடிக்க வேண்டும் என்று, பஸ்மினா விடிந்தும் விடியாததுமாக அவர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போய்விடுவார். எழுதி வந்ததைக் கணினியில் தட்டி, பென்டிரைவில் ஏற்றி, கவரில் போட்டு ஒட்டி, நஸீர் நானாவிடம் கொடுப்பார். நான் பதுளை பஸ் ஸ்டாண்டில் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். பஸ் வழியில் பழுதானால் அன்றைக்கு எங்கள் அறிவும் வழியில் நிற்கும்.

கவர் வந்து சேர்ந்தாலும் நிம்மதி கிடையாது. பஸ்மினா தட்டிய தமிழ் என் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். அந்தோனி அனுப்பியதில் வைரஸ் ஏறி, இருக்கும் கோப்பெல்லாம் காணாமல் போகும். என்னிடம் மட்டும் 'பட்டியல் கடைசி', 'பட்டியல் கடைசி புதிது', 'இதுதான் கடைசி' என்று மூன்று கோப்புகள் இருந்தன. எது கடைசி என்று எனக்கே தெரியாது. கேட்டால் மூன்றையும் மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

அந்த 'இதுதான் கடைசி'யில்தான் ராக்கம்மா வந்தார். லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். புருஷன் இறந்துவிட்டார். அந்த வருடம் தோட்டத்தில் புது வீடுகள் கட்டினார்கள். லயத்து ஒற்றை அறைக் காம்பராவை விட்டு அங்கே போக வேண்டுமானால் வீட்டுப் பத்திரம் அவர் பெயரில் வர வேண்டும். அதற்கு அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அவரிடம் இரண்டும் இல்லை. பிறந்த இடம் என்ற கட்டத்தில் பஸ்மினா 'தொப்பித்தோட்டம்' என்று எழுதியிருந்தார்.

நான் பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவன். நமக்குத் தெரியாத தோட்டமா என்று ஒரு மிதப்பு. அரசாங்கப் பட்டியலைப் பார்த்தேன், வரைபடத்தைப் பார்த்தேன், அப்படி ஒரு தோட்டம் இல்லை. பாவம், பெரிய மனுஷி ஏதோ ஞாபகத்தில் சொல்லியிருக்கிறார் என்று நானே முடிவெடுத்தேன். 'தொப்பித்தோட்டம்' என்பதை அழித்துவிட்டு, அவர் இப்போது வேலை செய்யும் தோட்டத்தின் பெயரை அங்கே தட்டினேன். கட்டம் பார்க்க அழகாக இருந்தது. விண்ணப்பத்தையும் அப்படியே நிரப்பி அனுப்பினேன்.

தோட்டத்துக்கு இரண்டு பெயர் உண்டு என்பது அந்த மண்ணில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளைக்காரத் துரை வைத்தது ஒன்று, ஆட்கள் கூப்பிடுவது ஒன்று. எனக்கும் தெரியும்தான். தெரிந்தது விரலுக்கு வரவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட பிரிவின் புத்தகங்களில் அப்படி ஒரு பதிவு காணப்படவில்லை. வீட்டுக்கான பெயர்ப் பட்டியலை மாதக் கடைசியோடு மூடப் போவதாகத் தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். பஸ்மினா அன்றைக்கே பஸ் ஏறி பதுளைக்கு வந்தார். மாடிப்படி ஏறி வந்த களைப்புக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் கணினியில் அந்த வரியைப் பார்த்தார்.

"அண்ணா, அவங்க சொன்ன பேரு எங்க?"

"திருத்திட்டேன். அப்பிடி ஒரு தோட்டம் இல்லையே."

"இல்லேன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

நான் வரைபடத்தைக் காட்டினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபத்தில் குரல் உயர்த்தும் ஆள் இல்லை பஸ்மினா, குரல் இறங்கிப்போகும்.

"சொன்னத அப்பிடியே எழுதணும் அண்ணா. திருத்துறதுன்னா பக்கத்துக் கட்டத்துல திருத்துங்க. இதுல கை வைக்காதீங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என்னைவிட ஆறு வயது இளையவர். ஆனால் ஒரு அலுவலகம் எப்படி நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த மூன்று வரிதான்.

அன்று மாலையே பஸ்மினா இன்டர்நெட்டில் ஒரு பட்டியலைத் திறந்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், எழுதலாம். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பதும் அதிலேயே நிற்கும். நான் வழக்கம்போல முனகினேன். ஆளாளுக்குக் கை வைத்தால் விளங்கினாற்போலத்தான் என்றேன். மறுநாள் காலை அதைத் திறந்தபோது, லுணுகலையில் இருந்த பஸ்மினாவின் பெயர் ஒரு சின்ன வண்ணக் கொடியாக என் திரையில் நகர்ந்தது. சாப்பிடும் தட்டில் இன்னொருவர் கை வந்ததுபோல மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பிறகு அந்தக் கொடி தெரியாத நாளில் ஆளைக் காணோமே என்று இருந்தது.

பிறந்த இடத்துக்கு இப்போது இரண்டு கட்டங்கள். ஒன்று 'அவர்கள் சொன்னது', மற்றது 'அரசாங்கப் பெயர்'. முதல் கட்டத்தில் எத்தனை பெயர்கள் வந்து விழுந்தன தெரியுமா! சாமிமலை, புதுக்காடு, கல்லுடைச்சான், மேட்டு லயம். இரண்டாவது கட்டம்தான் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. ராக்கம்மாவின் வரியில் 'தொப்பித்தோட்டம்' திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் ஒன்றுமில்லாமல். மாதம் முடியப் பத்தொன்பது நாள் இருந்தது.

பட்டியல் வந்ததும் கவர் நின்றுபோனது. நஸீர் நானாவுக்கு அதில் வருத்தம். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு பஸ்மினாவிடமே கேட்டிருக்கிறார்.

"என்ன தங்கச்சி, இப்ப கவர் ஒண்ணும் தாறதில்லையே. நான் ஏதும் தொலைச்சிட்டேனா?"

பஸ்மினா போனைத் திறந்து, கவருக்குப் பதிலாக வந்தது இதுதான் என்று காட்டினார். பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. நானா பெயர்களை விரலால் தள்ளித் தள்ளி வாசித்தாராம். வாசிக்க வாசிக்க, இது இன்ன வளைவு, அது இன்ன தோட்டத்து மேல் பிரிவு என்று சொல்லிக்கொண்டே போனாராம். இருபது வருடம் அந்தப் பாதையில் பஸ் நிற்கும் ஹோல்ட்டுகளைக் கூவியவர். ஆட்கள் எந்தப் பெயரைச் சொல்லி டிக்கட் கேட்பார்களோ அந்தப் பெயர்தான் அவருக்கு ஊர். தோட்டத்துப் பெயர்ப்பலகையில் இருப்பதையும் தினம் பார்த்தவர். இரண்டும் தெரிந்த மனிதர் இத்தனை நாள் எங்கள் கவரைச் சுமந்துகொண்டிருந்தார். நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பஸ்மினா அங்கேயே அவரையும் பட்டியலில் சேர்த்துவிட்டார். நானா பதுளை ஸ்டாண்டில் பஸ் நிற்கும் இடைவெளியில் பெருவிரலால் தட்டுவார். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவார். எனக்கு விரல் துறுதுறுக்கும், திருத்தலாமா என்று. பக்கத்துக் கட்டத்தில்தான் திருத்தினேன்.

ஒரு வியாழன் மத்தியானம் ராக்கம்மாவின் வரியின் ஓரத்தில் ஒரு குறிப்பு முளைத்தது. நஸீர் நானாதான். "தொப்பித்தோட்டம் ஹோல்ட் இருந்திச்சு. தொப்பிக்காரத் துரை இருந்த இடம்னு வாப்பா சொல்லுவாரு. இப்ப பஸ் நிக்கிறதில்ல. தோட்டத்துப் பேர்ப்பலகைல ஆர்டன்ஹில் கீழ்ப் பிரிவுன்னு இருந்திச்சு." அதற்குக் கீழே பத்து நிமிடத்தில் அந்தோனி எழுதினார், அந்தக் காலத்தில் ஆர்டன்ஹில் வேறு பதிவாளர் பிரிவுக்குள் இருந்தது, நாம் தேடியது தப்பான புத்தகம் என்று. அதற்குக் கீழே பஸ்மினா, ராக்கம்மாவின் தகப்பன் பெயரையும் அண்ணன் பிறந்த வருடத்தையும் போட்டார். நான் விண்ணப்பத்தை நிரப்பினேன். மூன்று மாதம் இழுத்த வேலை, நாலு பேர் நாலு இடத்தில் இருந்துகொண்டு, பேக்கரியில் மாலைப் பணிஸ் வேகுமுன் முடிந்தது. எனக்குக் கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை. பட்டியல் அதையெல்லாம் பதிவதில்லை, நல்ல வேளை.

பதிவு கிடைத்தது, சான்றிதழும் வந்தது. தகப்பன் பெயர், தாய் பெயர் எல்லாம் சரி. அட்டைக்கு விண்ணப்பித்த துண்டைக் காட்டியே வீட்டுப் பட்டியலில் ராக்கம்மாவின் பெயரை ஏற்றிக்கொண்டார்கள், மூடுவதற்கு இரண்டு நாள் முன்னால். பஸ்மினா இப்போது கொழும்பில் ஒரு பெரிய அலுவலகத்தில் பல மாவட்டத்துப் பட்டியல்களைப் பார்க்கிறார் என்று கேள்வி. எனக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

சான்றிதழ் வந்த அன்று ராக்கம்மா பஸ்மினாவோடு எங்கள் மாடிக்கு வந்தார். துணியில் துடைத்த கையை மறுபடியும் துடைத்துக்கொண்டு, அதை வாங்கி, என்னிடம் நீட்டினார்.

"வாசிங்க தம்பி."

வாசித்தேன். பிறந்த இடம் ஆர்டன்ஹில் என்றதும் நிறுத்தச் சொன்னார்.

"தொப்பித்தோட்டம்னு இல்லையா?"

"இது அரசாங்கப் பேரும்மா. ரெண்டும் ஒரே இடந்தான்."

பஸ்மினா என் கணினியைத் திருப்பி அந்தக் கட்டத்தைக் காட்டினார். ராக்கம்மா எழுத்துக் கூட்டித் தொப்பித்தோட்டம் என்று வாசித்தார். அப்புறம் சொன்னார்:

"அங்க லயமும் இல்ல, பாதையும் இல்ல. எங்க ஆளுக எல்லாம் செத்துப் போயிட்டாங்க. அந்தப் பேரு எங்கிட்ட மட்டுந்தான் இருந்துச்சு."

பிறகு ஒருமுறை தொப்பித்தோட்டம் ஹோல்ட் இருந்த வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். புது கொண்டக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மேலே பைன் காடு. லயத்தைக் காடு மூடிவிட்டது. ஹோல்ட்டைப் பாதை அகலப்படுத்தியவர்கள் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரு பெயர். அதையும் ராக்கம்மா நம்பிச் சொன்ன பிறகு அழித்தவன் நான்.