ஏழு மெகாஹெர்ட்ஸில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர்

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். மலைப் பக்கம் மட்டும் மேகம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பகுதியில் இலை அசையவில்லை. என் மாடி அறையில் முப்பத்தொரு டிகிரி. டேராடூனிலிருந்து என் நண்பன் ரேடியோவில் ஏதோ முக்கியமாகச் சொல்ல ஆரம்பித்தான். "ஏலே, ஒரு விசயம் கேட்டுக்கோ, வார மாசம் பதினாலாம் தேதி..."

அதற்குமேல் எனக்குக் கிடைத்தது இதுதான்: "காலை வணக்கம் நண்பர்களே, உங்க சிக்னல் ரொம்பப் பிரமாதம். இன்னைக்கு என்ன டிபன்?"

குறுக்கே வந்த குரல் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருப்பவருடையது. ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். ஓய்வு பெற்றவர்கள் தோட்டம் போடுவார்கள், சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவார்கள். இவர் பரீட்சை எழுதி, எங்களைப் போல் வீட்டிலிருந்தே ரேடியோவில் பேச அமெச்சூர் உரிமம் வாங்கிவிட்டார். தினமும் காலையில் ஏழு மெகாஹெர்ட்ஸில் தமிழ்நாடு முழுவதும் யார் வீட்டில் இட்லி, யார் வீட்டில் பொங்கல் என்று விசாரித்து முடிப்பார். அதற்கு அவர் வைத்திருக்கும் ஆம்பிளிபயர், அவர் வீட்டில் சட்னி அரைக்கும் சத்தத்தைச் செவ்வாய் கிரகத்துக்கே அனுப்பும்.

அவர் ஏழில் பேசட்டும், எனக்கென்ன. ஆனால் சுத்தமில்லாத ஆம்பிளிபயர் ஏழில் பேசினால் அதன் இரட்டிப்பான பதினாலில் ஒரு நகலும் போய் விழும். நானும் நண்பனும் பேசுவது பதினாலில். என் ஆன்டெனாவுக்கும் அவருடையதற்கும் இடையே நாற்பத்திரண்டு மீட்டர். டேப் பிடித்து அளந்திருக்கிறேன். டேராடூன் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். யார் குரல் ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் சற்றுத் தள்ளிப் போனால் அவரும் அடுத்த டிபனைத் தேடித் தள்ளி வருவார்.

போனில் பேசலாமே என்பார்கள். நண்பன் பக்கத்து ஊர் மம்சாபுரத்துக்காரன், ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு டேராடூனிலேயே தங்கியவன். ரேடியோவில் ஒருவன் பேசி முடிக்கும்வரை மற்றவன் வாயைத் திறக்க முடியாது. எங்கள் நட்பு இருபத்தாறு வருடம் தாங்கியதற்கு அதுதான் காரணம். போனில் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடும்.

சொல்ல வந்ததைப் பிறகு குறுஞ்செய்தியில் அனுப்பினான். மகன் அவனை நொய்டாவில் பத்தொன்பதாவது மாடிக்குக் கூட்டிப் போகிறான். அங்கே ஆன்டெனா கட்ட விடமாட்டார்கள். அக்டோபர் 14 திங்கட்கிழமை கம்பத்தை இறக்குகிறார்கள். ஆக, எங்களுக்கு மிச்சம் மூன்று ஞாயிறு.

மறுநாளே சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, கம்ப்ளைன்டா?"

"கம்ப்ளைன்ட் இல்ல சார். உங்க ஆம்பிளிபயர்ல ஒரு துண்டு கேபிளை பில்டரா தொங்கவிட்டா போதும். அது ஏழுக்கு இருக்கதே தெரியாது, பதினாலை மட்டும் அமுக்கிரும்."

"உங்களுக்குத்தான தொந்தரவு? உங்க செட்டுல தொங்கவிடுங்க."

"என் செட்டுல பதினாலை அமுக்குனா என் நண்பனும் சேர்ந்து அமுங்கிருவான் சார்."

அவர் மீசையைத் தடவினார். "அண்ணாச்சி, முப்பத்தாறு வருச சர்வீஸ். நாளைக்கு ஒருத்தன் வந்து, உங்க மேல தப்பில்லைன்னா ஏன் பில்டர் மாட்டுனீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? மாட்டுனா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா?"

டீ கொடுத்தார். சர்க்கரை அதிகம். அதையும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இருந்தாலும் துண்டைத் தயாராக வைப்போம் என்று சனிக்கிழமை ராஜபாளையம் போனேன். புரட்டாசிச் சனி, எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெருமாள் மலையான திருவண்ணாமலைக்கு வந்த கூட்டத்தில் பாதி பஸ் ஸ்டாண்டில் நின்றது, மீதி என் காலில் நின்றது. எலக்ட்ரிக்கல் கடையில் கேபிள் பத்து மீட்டர் வாங்கினேன். புத்தகத்துக் கணக்குப்படி 6 மீட்டர் 98 சென்டிமீட்டர் 7 மில்லிமீட்டர். மூன்று முறை அளந்து ஒரே வெட்டு. நுனியில் உள்கம்பியையும் வெளிவலையையும் சேர்த்துப் பற்றவைத்து, அலைவரிசை காட்டும் மீட்டரில் மாட்டிப் பார்த்தேன். துண்டு பதினாலை விட்டுவிட்டுப் பதினேழை அமுக்கிக்கொண்டிருந்தது. பதினேழில் எனக்கு எதிரிகள் யாரும் இல்லை. புத்தகம் சொன்னது உள்ளே கெட்டிப் பிளாஸ்டிக் உள்ள கேபிளுக்கு. கடைக்காரர் கொடுத்தது டிவிக்குப் போடும் நுரைக் கேபிள். அதில் அலை வேகமாக ஓடும், துண்டும் நீளமாக வேண்டும். உலகத்தில் எல்லோரும் ஒரு முழம் கூட விட்டு வெட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குவார்கள். மில்லிமீட்டர் வரை கணக்குத் தெரிந்தவன் மட்டும் ஒரே வெட்டாக வெட்டுவான்.

அந்த ஞாயிறு போயிற்று. அடுத்த சனிக்கிழமை அதே பஸ், அதே கூட்டம், அதே கால். இந்த முறை ஒன்பது மீட்டரில் தொடங்கி, நறுக்கி நறுக்கி எட்டரைக்குக் கொஞ்சம் கீழே வந்தபோது பதினாலு செத்தது. ஆனால் துண்டு என் கையில் இருந்தது, அவர் ஆம்பிளிபயரில் அல்ல. இரண்டாவது ஞாயிறும் ரவா உப்புமாவோடு போயிற்று. நண்பன் சொன்னதில் எனக்குக் கேட்டது ஆறு வார்த்தை.

அன்று சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டர் வாசலில் போய் நின்று சொன்னேன்: "சார், யோசிச்சுப் பாத்தேன். நான் பதினாலுல பேசுறது உங்க செட்டுக்குள்ள வந்து விழுதுன்னு நினைக்கேன். தப்பு என் பேர்லதான்."

அவர் முகம் மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "நான் அன்னைக்கே சந்தேகப்பட்டேன் அண்ணாச்சி! ஒரு கரகரப்பு வரும். எம்புட்டு நாளா நடக்கு இது?"

"இந்தத் துண்டை உங்க பக்கம் மாட்டிட்டா நான் உள்ள வர முடியாது."

"நீங்களே வந்து மாட்டிக் குடுத்திரணும். செலவும் உங்களோடதுதான். பாதிக்கப்பட்டவன் செலவு பண்ண முடியாதுலா?"

நான் சொன்னது பொய்யும் இல்லை. அந்தத் துண்டு பதினாலை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. எந்தத் திசையைச் சொல்வது என்பதில் கொஞ்சம் சிக்கனம் காட்டினேன், அவ்வளவுதான். அவருடைய ஆம்பிளிபயருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் மாட்டிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்று, கைதியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு ரேடியோ கேஸைக் கண்டுபிடித்ததாகவும், எதிராளி நல்ல மனுசன், ஒத்துழைத்தான் என்றும் மறுநாள் ஏழில் அறிவித்தாராம்.

அக்டோபர் 13. சப்-இன்ஸ்பெக்டர் தன் வீட்டில் உரக்கப் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது, ரேடியோவில் இல்லை. பதினாலில் நண்பன் மட்டும் இருந்தான். முப்பத்தொரு நிமிடம் பேசினான். இருமல் கேட்டது, அவன் நாற்காலி கிறீச்சிட்டது கேட்டது. நொய்டா வீட்டு லிப்டைப் பற்றி நாலு நிமிடம் திட்டினான். நான் குறுக்கே பேச முடியாது, பேசவும் இல்லை.

"நல்லா கேக்குதுலே," என்றான். "பக்கத்துல உக்காந்து பேசுத மாதிரி இருக்கு. சரி, நாளைக்குக் கம்பத்தை இறக்க ஆள் வருதான். வைக்கட்டுமா?"

வை என்றேன். அவன் வைத்த பிறகு அந்த இடத்தில் லேசான இரைச்சல் மட்டும்தான். இவ்வளவு சுத்தமான பதினாலு மெகாஹெர்ட்ஸை இனி வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கேபிள் இரண்டு தடவை, ஐந்நூற்று அறுபது. மூன்று முனை கனெக்டரும் பிளக்குகளும் முந்நூற்று நாற்பது. பஸ் நாற்பத்தெட்டு. பாதிக்கப்பட்டவருக்கு நான் மரியாதையாகக் கொண்டுபோன அரைக் கிலோ பால்கோவா நூற்றுத் தொண்ணூறு. மொத்தம் ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டு ரூபாய்.