கழுவி வைத்ததுபோல் ஒரு பிஸ்டன்

விருதுநகரில் கார் மெக்கானிக் நான். ஒரு பட்டாசு முதலாளியின் டர்போ காருக்கு இன்ஜினைப் பிரித்துக் கட்டிக் கொடுத்தேன். அதன்பிறகு இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தது. கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

அவருடைய டிரைவர் முருகேசன் வந்து சொன்னார்: “அண்ணாச்சி, காலையில ஸ்டார்ட் பண்ணா சைலன்சர்ல வெள்ளையா ஆவி வருது. இனிச்ச வாடை அடிக்குது. ஹெட்டைக் கழட்டிப் பாருங்க.”

எனக்குச் சுருக்கென்றது. முதலாளியின் அவசரத்துக்காக, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை லேத் பட்டறையில் சமன் செய்யாமலே மாட்டியிருந்தேன். முருகேசனை விரட்டிவிட்டேன். முதலாளி கேட்டபோது, “டிரைவர் ரேடியேட்டர் தண்ணி பாக்குறதே இல்லைங்க” என்றேன். அன்றைக்கே முருகேசனுக்கு வேலை போயிற்று.

பிறகு ஹெட்டைக் கழற்றினேன். மூன்று பிஸ்டன்களில் கரி அப்பியிருந்தது. நான்காவது மட்டும் கழுவி வைத்ததுபோல் பளபளத்தது. சமன் செய்யாத ஹெட்டின் இடுக்கு வழியாகக் கூலன்ட் அங்கேதான் கசிந்து, கரியைக் கழுவி, ஆவியாகியிருக்கிறது. சத்தமில்லாமல் சரிசெய்தேன்.

போன மாதம் நாரணாபுரம் டீக்கடையில் முருகேசனைப் பார்த்தேன். இப்போது வேறொரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. கையெல்லாம் அலுமினியப் பொடி.

“நல்லா இருக்கீகளா அண்ணாச்சி? அந்த வண்டிக்கு என்னதான் கோளாறு?”

உண்மை தொண்டைவரை வந்தது. “ரேடியேட்டர் ஹோஸ் கிளிப் லூசு. ஓடும்போது மட்டும் ஒழுகியிருக்கு. அந்த வாடை அதுதான்; வெள்ளை ஆவி காலைக் குளிருக்கு வந்தது” என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. “தினமும் பானட்டைத் தொறக்குறவன் நான்தான் கவனிச்சிருக்கணும். இம்புட்டு நாளா உங்களை மனசுக்குள்ள திட்டி வஞ்சுக்கிட்டு இருந்தேன். மன்னிச்சிருங்க அண்ணாச்சி.”

“பரவால்ல, விடுங்க” என்றேன்.

அவர் வேலையைப் பறித்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். அவரை மன்னித்ததை மறக்க முடியாது.