கடல் முதலில்

அந்த வார்டில் அவருக்கு ரொட்டிக்காரர் என்று பெயர். பேக்கரி வேன் ஓட்டுகிறவர். விடிவதற்குள் கடை கடையாக ரொட்டித் தட்டுகளை இறக்கிவிட்டு, சட்டையில் ஒட்டிய மாவைக்கூடத் தட்டாமல் வீட்டுக்கு ஓடி, மனைவியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். அரை நாள் முழுக்க அவளுடைய ரத்தத்தை ஒரு மிஷின் வெளியே இழுத்துச் சுத்தம் செய்து உள்ளே அனுப்பும். அவர் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் இல்லாத வீடு. ஒருவருக்கொருவர்தான்.

அவள் தையல்காரி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு தையல் மிஷினை விற்றுவிட்டார்கள். ஊசி குத்த வசதியாக இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார் டாக்டர். தொட்டால் அங்கே தோலுக்கடியில் கிர்ரென்று ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும்.

"மிஷினைத்தான் வித்தோம். மோட்டாரை என் கைக்குள்ளயே வெச்சுட்டாங்க" என்று அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கையை நீட்டுவாள். அந்த அதிர்வு நின்றால் அந்தக் கை வழியாக டயாலிசிஸ் செய்ய முடியாது. அதனால் தினமும் எழுந்தவுடன் ரொட்டிக்காரர் செய்கிற முதல் வேலை அவள் கையைத் தொட்டுப் பார்ப்பதுதான்.

ஊசியைக்கூட அவள் பழகிக்கொண்டாள். தாகத்தைத்தான் பழக முடியவில்லை. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாத உடம்பு. ஒரு நாளைக்கு ஒன்றரை டம்ளர், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டாலே அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவளெதிரில் குடிக்க மனசு வராமல் அவர் தண்ணீர்ப் பாட்டிலை வேனிலேயே வைத்துக்கொண்டார்.

பயணப் பேச்சு தொடங்கியது வார்டு டி.வி.யால்தான். சத்தத்தை அணைத்து வைத்திருந்த டி.வி.யில் ஒரு நாள் திராட்சைத் தோட்டம் ஒன்றைக் காட்டினார்கள். மேட்டுச் சரிவில் வரிசை வரிசையாகக் கொடிகள்.

"இந்த மாதிரி ஒரு மேட்டுலதான் நான் கூடை சுமந்தேன்" என்றார் ரொட்டிக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு அறுவடைக்கு அங்கே வேலை பார்த்தவர். "உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேனே, ஞாபகமிருக்கா?"

"ஞாபகமிருக்கு. நீங்கதான் மறந்துட்டீங்க" என்றாள் அவள். "எனக்குத் திராட்சை வேணாம். கடல் வேணும்."

"கடல்ல என்ன இருக்கு?"

"தண்ணி இருக்கு. எவனும் குடிக்க முடியாது. அங்க போய் உட்கார்ந்தா நானும் எல்லாரும் ஒண்ணு."

பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த கணக்கு வாத்தியார் சிரித்துவிட்டார். ஓய்வு பெற்ற மனிதர், அந்த வார்டிலேயே மூத்த நோயாளி. "ரெண்டும் ஒரே ரோட்டுலதான் இருக்கு. இதுக்கு எதுக்குச் சண்டை? ஒரு வாரம் ஒதுக்குங்க, ரெண்டையும் பார்த்துட்டு வாங்க" என்றார்.

சும்மா சொன்ன பேச்சு. ஆனால் அடுத்த தடவை வந்தபோது வாத்தியார் விடவில்லை. "எங்க தங்கப் போறீங்க? புதன்கிழமை மிஷினுக்கு எங்க போவீங்க?" என்று குடைந்தார். நோயில்லாதவர்கள் டிக்கெட் எடுத்தால் கிளம்பிவிடலாம். இவர்களுக்கு மிஷின் இருக்கிற ஊராகப் பார்த்துத்தான் தங்க முடியும். கடற்கரை ஊரில் ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டர் இருந்தது. போன் போட்டால் வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு கட்டில் தருகிறோம் என்றார்கள். திராட்சை ஊர் ஆஸ்பத்திரியில் புதன்கிழமை கிடைத்தது. ஆக, செவ்வாய் கிளம்பி முதலில் தோட்டங்கள், பிறகு கடல் என்று முடிவானது.

வாத்தியாருக்கு அது பிடிக்கவில்லை.

"கடலை முதல்ல வைங்க. முதல் ரெண்டு மூணு நாள்தான் நம்ம உடம்பு நாம சொன்ன பேச்சைக் கேட்கும். ஆசைப்பட்டதை அதுக்குள்ள பார்த்துடணும்."

"கட்டில் இல்லையே சார்" என்றார் ரொட்டிக்காரர்.

"அப்ப இவரு ஆசைக்கு முதல் மரியாதை. அப்படித்தானேம்மா?"

"கல்யாணம் ஆனதுலருந்து அப்படித்தான் சார்" என்றாள் அவள். வார்டே சிரித்தது. ஊசி குத்த வந்த நர்ஸ் கையை எடுத்துக்கொண்டு சிரித்து முடிக்கிறவரை காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு யோசனை. ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள், ஒரு சின்னத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் தாகம் தணியும் என்றார் ஒருவர். ஊருக்குப் போகப் போவது இரண்டே பேர், ஆனால் வார்டில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வண்டிதான் மிச்சம். பஸ்ஸில் அவளால் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. அந்தச் சமயத்தில்தான் அவளுடைய தங்கை ஒரு மாலையில் வீட்டுக்கு வந்தாள். வந்து பல மாதம் ஆகியிருந்தது. தங்கையின் சிறுநீரகம் அக்காவுக்குப் பொருந்தியது. கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, எல்லாப் பரிசோதனையும் முடித்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு அவள் புருஷன் வேண்டாமென்று சொல்லிவிட்டார். சின்னக் குழந்தைகள் இரண்டு. குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு குறைந்து போயிற்று.

தங்கை உட்காரக்கூட இல்லை. கார் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"அத்தான், இவர் குடுத்து அனுப்பினார். ஒரு வாரம் நீங்களே வெச்சுக்குங்க."

ரொட்டிக்காரர் சாவியைத் தொடவில்லை. அவள் போன பிறகு, "கிட்னி கேட்டா காரு தர்றாரு உன் தங்கச்சி புருஷன்" என்றார்.

"கிட்னியை விட காருல சீட்டு நல்லா சாயும். எடுத்து வைங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். அவள் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. கண் சிவந்திருந்தது.

கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை அவர்கள் வார்டுக்குள் நுழைந்தார்கள். வாத்தியாரின் கட்டிலில் வேறு யாரோ ஒரு ஆள், புதியவர், பயந்த முகத்தோடு படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே முடிந்துவிட்டது என்றாள் தலைமை நர்ஸ். அதற்குமேல் யாரும் எதுவும் பேசவில்லை. அந்த வார்டில் அதுதான் வழக்கம். பேச ஆரம்பித்தால் அடுத்தது யார் என்ற இடத்தில் வந்து நிற்கும்.

மிஷின் ஓட ஆரம்பித்தது. அவள் புது ஆளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கடலை முதல்ல வைங்க."

"கட்டிலு..."

"எப்படியாவது பண்ணுங்க. உங்க மேடு எங்கயும் ஓடிடாது."

அவர் எழுந்து போய்த் தலைமை நர்ஸின் மேஜைமுன் நின்றார். அதட்டலுக்குப் பேர்போன பெண்மணி. அவர் சொல்லி முடிக்கும்வரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மருந்துப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்தாள். கடற்கரை சென்டரில் அவளோடு படித்தவள் ஒருத்தி வேலை பார்த்தாள். "நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை" என்று ஆரம்பித்து, அந்தப் பக்கம் வாய் திறக்க விடாமல் பேசி, புதன்கிழமைக் கட்டிலை வாங்கிவிட்டாள். "போயிட்டு வாங்க. அவளுக்கு உப்பும் தண்ணியும் பார்த்துக் குடுங்க" என்றாள் ரொட்டிக்காரரிடம். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் திராட்சைத் தோட்டங்கள் வந்தபோது அவள் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்; திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் எழுப்பவில்லை. லாட்ஜ் பழசு. சுவரெல்லாம் உப்புக் காற்றில் பொரிந்து கிடந்தது. ஆனால் அறைக்கு முன்னால் ஒரு வராந்தா, வராந்தாவைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். அவள் செருப்பைக் கழற்றவில்லை, முகம் கழுவவில்லை. நேராகப் போய் ஈரமணலில் உட்கார்ந்துவிட்டாள். அலை வந்து பாதத்தை நனைத்துவிட்டுப் போனது. வீங்கிய பாதங்கள். விரல்களை விரித்து விரித்து மடக்கினாள்.

"எவ்வளவு தண்ணிங்க" என்றாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். வேன் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து பட்டப்பகலில் வேலையும் ஆஸ்பத்திரி ஸ்டூலும் இல்லாமல் அவர் உட்கார்ந்தது அன்றுதான். கையை எங்கே வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

வெயில் இறங்கிய பிறகு வராந்தாவுக்கு வந்தார்கள். உப்புக் காற்றில் அவள் உதடு வெடித்திருந்தது. ஐஸ் துண்டெல்லாம் வழியிலேயே தீர்ந்துவிட்டது. அவருடைய கைக்குப் பக்கத்தில் லாட்ஜ்காரர்கள் வைத்த தண்ணீர்ப் பாட்டில், வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். கேட்கவில்லை. இந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை.

அவர் ஒரு டம்ளர் நிறைய ஊற்றி அவள் முன்னால் வைத்தார்.

"இன்னைக்குக் கோட்டா முடிஞ்சுதுங்க."

"நாளைக்கு மிஷின் இருக்குல்ல. எடுத்துடுவாங்க. குடி."

அவள் ஒரே மூச்சில் குடிக்கவில்லை. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, வாயில் வைத்து வைத்து, ஒவ்வொரு மிடறாக விழுங்கினாள். கழுத்து ஏறி இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள். இன்னொன்று ஊற்றினார். அதையும் குடித்தாள். பிறகு கதவில் சாய்ந்துகொண்டு, கல்யாணமான புதிதில் தைத்த சட்டை ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் போன சட்டை. அதைப் போட்டுக்கொண்டு அவர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடியே பேக்கரிக்குப் போன கதை. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவளுக்கு.

மறுநாள் சென்டரில் எடை பார்த்தபோது நர்ஸ் புருவத்தை உயர்த்தினாள். தண்ணீர் கூடுதல். மிஷின் அதையெல்லாம் இழுத்தது. முடிகிற நேரத்தில் அவளுக்குக் கண் இருட்டி, ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கியது. காலைத் தூக்கிவைத்து, மருந்து ஏற்றி, ஒருவழியாக நிமிர்த்தினார்கள். "ஓய்வெடுங்க, சரியாயிடும்" என்றார்கள். லாட்ஜுக்கு வந்து அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

வியாழக்கிழமை காலை ரொட்டிக்காரர் வழக்கம்போல அவள் இடது கையைத் தொட்டார். அதிர்வு இல்லை. விரலை நகர்த்திப் பார்த்தார். குனிந்து காதை வைத்தார். அலைச் சத்தம்தான் கேட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் காதை வைத்தார்.

அவள் விழித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நின்னுடுச்சா?"

அவர் தலையை ஆட்டினார்.

சென்டர் டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது, இதைத் திறக்க இங்கே ஆளில்லை, உங்கள் ஊர் சர்ஜனிடமே போங்கள், தாமதிக்க வேண்டாம் என்றார். பையில் துணிகளை அடைத்து, அவளைச் சீட்டில் சாய்த்து, அவர் வண்டியை எடுத்தார். அதுவரை யாருமே பார்த்திராத வேகத்தில் ஓட்டினார். தட்டு குலுங்கினால் ரொட்டி நசுங்குமென்று ஆமை மாதிரி ஓட்டிப் பழகிய மனிதர்.

பாதி வழியில் சாலையின் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள் வந்தன. அறுவடைக் காலம். தலையில் துணி கட்டியவர்கள் கொடிகளுக்கு நடுவே குனிந்து நின்றார்கள். வண்டிக்குள் பழ வாசனை வந்தது.

"அதோ அந்த மேடா?" என்றாள் அவள்.

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன். இறங்க வேணாம். கண்ணால பார்த்துட்டுப் போறேன்."

"அப்புறம் வரலாம்" என்றார் அவர். அவள் தலையைத் திருப்பி, மேடு மறைகிறவரை பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சர்ஜன் இரண்டு மணி நேரம் முயன்றார். திறக்கவில்லை. கழுத்தில் ஒரு குழாயைச் சொருகி, அதன் வழியாக மிஷின் போட ஆரம்பித்தார்கள். குழாய் நனையக் கூடாது என்பதால் அவள் தலைக்குக் குளிப்பதுகூட அதோடு நின்றது. ரொட்டிக்காரர் டாக்டரைத் தனியாகப் பிடித்து, தண்ணீர் கொடுத்ததைச் சொன்னார். "தண்ணி கூடி, அதை இழுக்கும்போது பிரஷர் விழுந்தா ரத்தம் உறையும். அதனால இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தூக்கத்துல கையை மடக்கினாலே அடைக்கும்" என்றார் டாக்டர். அடித்திருந்தாலாவது ஆறியிருக்கும். அந்தப் பதில் அவருக்கு ஆறவே இல்லை.

ஒரு தடவை மனைவியிடமும் சொன்னார். "நான் குடுக்காம இருந்திருக்கணும்."

"பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் அவள். "அந்தத் தண்ணியை நான் இன்னும் குடிச்சுட்டிருக்கேன்."

மழை தொடங்கிய பிறகு கழுத்துக் குழாயில் கிருமி சேர்ந்து குளிர்க்காய்ச்சல் வந்தது. மருந்து மாற்றினார்கள், குழாயை மாற்றினார்கள். நாலாம் நாள் அவள் போய்விட்டாள். தங்கை வாசலிலேயே விழுந்து கதறினாள். தங்கையின் புருஷன் ரொட்டிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். ரொட்டிக்காரர் அந்தக் கையை உதறவில்லை. உதறுகிற தெம்பு அவருக்கு இல்லை என்பதுதான் நிஜம்.

வேனை அவர் விடவில்லை. அதே கடைகள், அதே தட்டுகள். ஆஸ்பத்திரிக் கேன்டீனும் அவர் ரூட்டில்தான் இருந்தது. ஒரு நாள் அங்கே தட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். வாத்தியாரின் கட்டிலுக்கு வந்த அந்தப் புது ஆளின் மனைவி.

"அண்ணே, நீங்க கடலுக்குப் போனீங்களாமே. இவரு நச்சரிக்கிறாரு. போகலாமா? பயமா இருக்கு."

ரொட்டிக்காரர் தட்டைக் கீழே வைத்தார். மாவுக் கையைக் கால்சட்டையில் துடைத்தார். போகாதீர்கள் என்றுதான் முதலில் வாயில் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, சென்டர் எந்தத் தெருவில் இருக்கிறது, எந்த நர்ஸைக் கேட்க வேண்டும், லாட்ஜில் எந்தப் பக்கத்து அறையை எடுக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"தண்ணி கேட்டா என்னண்ணே பண்றது?" என்றாள் கடைசியில்.

உள்ளேயிருந்து கேன்டீன்காரர் கூப்பிட்டார். "எனக்குத் தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுக்க வேனுக்குள் ஏறினார்.